கரையருகே நின்றுவிடும் படகு இயந்திரம்

அகன்ற கடலில் குறைவின்றி ஓடிய வெளியிணைப்பு இயந்திரம், கரையை அண்மி வேகத்தைக் குறைத்ததும் இருமுறை திணறி நின்றுவிடுகின்றது. ஆழ்கடலில் நின்றால் ஆற அமரப் பார்க்கலாம். பருத்தித்துறை போன்ற முருகைக்கல் நிறைந்த கரையில், ஒடுங்கிய வழியினுள் நின்றாலோ, வள்ளத்தைக் கல்லின்மேல் மோதுவதற்கு ஓர் அலையே போதும். ஆதலின் இச்சிறு கோளாற்றைச் சிறிதென்று தள்ளிவிடலாகாது.

வேகமாக ஓடுங்கால் காபரேற்றரின் காற்றுக் கதவு அகலத் திறந்திருக்கும். எரிபொருள் பெரிய துளை வழியே தாராளமாகச் செல்லும். வேகம் குறைந்ததும் கதவு ஏறக்குறைய மூடிக்கொள்ளும். அப்பொழுது இயந்திரம் முழுவதும் ஊசிமுனையளவான ஒரு சிறு துளையையே நம்பியிருக்கும். அத்துளையில் தூசு படிந்தாலும், பழைய பெற்றோலின் பிசின் ஒட்டினாலும் இயந்திரம் பட்டினியால் நின்றுவிடும். வேகத்தில் குறையின்றி ஓடி, மெதுவோட்டத்தில் மட்டும் நிற்குமாயின் முதலில் இத்துளையையே ஐயுறல் வேண்டும். வேகத்திலும் தளருமாயின் குறை வேறிடத்தில் உளது.

அதனை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. இயந்திரம் திணறும்போது எரிபொருட் குழாயிலுள்ள றப்பர்க் குமிழைக் கையால் அழுத்துக. உடனே உயிர் பெறுமாயின், தாங்கியிலிருந்து எரிபொருள் சரிவர வரவில்லை என்பது பொருள். தாங்கி மூடியின் காற்றுத்திருகு திறந்துள்ளதா, குழாய் மடிந்துள்ளதா, வடிகட்டி அடைத்துள்ளதா என்று பார்த்து, அவை யாவும் சரியெனில் எரிபொருட் பம்பியைச் சோதித்தல் வேண்டும். சிறிது எரிபொருளைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றி வைத்தால், கலந்துள்ள நீர் அடியிற் பிரிந்து நிற்பதையும் காணலாம்.

அடுத்துப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். அதன் முனை கரியும் எண்ணெயும் படிந்து ஈரமாயிருந்தால், மெதுவோட்டத்தில் தீப்பொறி வலுவிழக்கும். எண்ணெய் மிகுதியாகக் கலப்பதாலும் இந்நிலை ஏற்படும். 50 பங்கு பெற்றோலுக்கு 1 பங்கு எண்ணெய் என்பது பல இயந்திரங்களுக்குரிய அளவெனினும், தத்தம் இயந்திரத்தின் கைநூல் கூறும் அளவே கொள்ளத்தக்கது. மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரங்களில் பிளக் விரைவில் கரிபிடிக்கும். அவற்றை நிறுத்துமுன் சிறிது நேரம் பெற்றோலில் ஓடவிடுதல் நன்று.

சிறு துளையைக் கம்பியாற் குத்துவது பெருந்தவறு. துளை அகன்றுவிட்டால் அளவு கெட்டுவிடும். துப்புரவுத் திரவத்தில் ஊறவைத்துக் காற்றினால் ஊதுதலே முறை. மெதுவோட்டத் திருகைக் கழற்றுமுன், அதனை மெல்ல உள்ளே திருகி எத்தனை சுற்றென எண்ணிக் குறித்துக்கொண்டால், மீண்டும் அதே நிலையில் வைக்கலாம்.

சிலர் இத்தொல்லைக்கு அஞ்சி மெதுவோட்ட வேகத்தையே உயர்த்திவிடுகின்றனர். அது நோயை மறைக்குமேயன்றித் தீர்க்காது. கியரை மாற்றும்போதெல்லாம் பற்சில்லுகள் அதிர்ந்து தேயும். நீரின்றி இயந்திரத்தை ஓட்டிச் சோதிப்பதும் கூடாது; குளிர்நீர்ப் பம்பியின் றப்பர்ச் சில்லு சில நொடிகளிலேயே கெட்டுவிடும்.

மாரிக்காலத்தில் வள்ளத்தைக் கரையேற்றும்போது காபரேற்றரிலுள்ள எரிபொருளை வடித்துவிட்டால், இக்கோளாற்றிற் பெரும்பகுதி தோன்றாது. எவ்வளவு செம்மையான இயந்திரமாயினும், கல்வழியினுள் நுழையுமுன் துடுப்பும் நங்கூரமும் கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும்.