அரை மில்லி மருந்தும் ஆந்தீஸ் மலைப் பயமும்

கினிப்பன்றிக்கு மூச்சுத் தொற்று வந்தால் கால்நடை மருத்துவர் எழுதித் தரும் திரவ மருந்து ஒரு வேளைக்கு அரை மில்லி அளவில்தான் இருக்கும். அதை உள்ளே அனுப்புவதற்குள் வீடு இரண்டுபட்டுவிடுகிறது. சோபாவுக்கு அடியில் ஒருவர் தவழ, இன்னொருவர் துண்டை விரித்துக்கொண்டு காத்திருக்க, முடிவில் மருந்தில் பாதி சட்டையில். நாய் என்றால் மாத்திரையைச் சோற்று உருண்டைக்குள் ஒளித்து வைக்கலாம். பயந்துபோன கினிப்பன்றியோ, பிடித்த கொத்தமல்லியைக்கூட முகர்ந்து பார்க்காது.

இதைப் பிடிவாதம் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் இது பயம். கினிப்பன்றியின் காட்டு மூதாதையர் தென் அமெரிக்காவின் ஆந்தீஸ் மலைப் புல்வெளிகளில் திரிந்தவர்கள். மேலே கழுகும் பருந்தும், கீழே நரியும் காட்டுப்பூனையும். சண்டை போடக் கொம்பில்லை, கூரிய நகமில்லை. அந்த மலை மக்கள் இதை இறைச்சிக்காகப் பழக்கிப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. பெருவில் இன்றும் விருந்துச் சாப்பாடு. ஐரோப்பியர் கொண்டுபோன பிறகுதான் மடியில் வைத்துக் கொஞ்சும் பிராணியானது. இத்தனை தலைமுறை மனிதர்களோடு இருந்தும் இரையாக வாழ்ந்த உடம்பு மாறவில்லை. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், கழுத்தைத் திருப்பாமலே கிட்டத்தட்ட முழுச் சுற்றையும் பார்க்கும். தலைக்கு மேலே நிழல் விழுந்தால் அதற்கு ஒரே பொருள்தான். கூண்டின் மேல் திறப்பு வழியாக நாம் நீட்டும் கை அப்படித்தான் இறங்குகிறது.

ஆபத்துக்கு அதனிடம் இரண்டு பதில்கள்: சிதறி ஓடுவது, இல்லையேல் உறைந்து நிற்பது. இந்த இரண்டாவதில்தான் மனிதர்கள் ஏமாறுகிறார்கள். மல்லாக்கப் படுக்க வைத்ததும் அசையாமல் கிடக்கிறதே, எவ்வளவு சாது என்று காணொளி எடுத்துப் போடுகிறார்கள். அது தூக்கமும் இல்லை, சுகமும் இல்லை. தப்ப வழியில்லை என்று உடம்பு முடிவு செய்த நிலை. அந்த நிலையில் வாயில் மருந்தை ஊற்றினால், அது மூச்சுக்குழலுக்குள் போகும் அபாயமும் சேர்ந்துகொள்கிறது.

ஆகவே துரத்தல் இல்லாமல் தொடங்க வேண்டும். கூண்டுக்குள் எப்போதும் கிடக்கும் அட்டைப்பெட்டியோ துணிக்குழாயோ இருந்தால், அதற்குள் அது தானாகவே ஒளிந்துகொள்ளும், பெட்டியோடு தூக்கிவிடலாம். கையால்தான் எடுக்க வேண்டும் என்றால் பக்கவாட்டிலிருந்து, தரையோடு தரையாகக் கையைக் கொண்டுபோய், ஒரு கை மார்புக்கு அடியிலும் மறு கை பின்புறத்துக்கு அடியிலும் கொடுத்து, உடனே நம் நெஞ்சோடு அணைக்க வேண்டும். பூனைக்குட்டிபோல் பிடரியைப் பிடித்துத் தூக்கக் கூடாது. ஒரு கிலோவுக்கு முன்பின் இருக்கும் இந்தக் குண்டு உடம்புக்குக் கால்கள் மெலிந்தவை. இடுப்பு உயரத்திலிருந்து துள்ளி விழுந்தாலே எலும்பு முறியும். அதனால் மருந்து கொடுப்பவர் தரையில் உட்கார்ந்துகொள்வது நல்லது. துண்டில் சுற்றும்போது முன்கால்கள் அடங்கினால் போதும், மார்பை இறுக்கினால் மூச்சு திணறும். நம்மூர்க் கோடையில் இன்னொரு கவலையும் உண்டு. குளிர் மலையிலிருந்து வந்த பிராணி இது, வெப்பம் முப்பது டிகிரியைத் தாண்டினாலே தவிக்கும். சுற்றிய துண்டு ஓரிரு நிமிடத்தில் அவிழ்ந்துவிட வேண்டும்.

பலர் செய்யும் இன்னொரு காரியம், நோயாளியைத் தனியறைக்குக் கொண்டுபோவது. ஜெர்மனியின் மூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் நார்பர்ட் சாக்ஸர் குழுவினர் கினிப்பன்றிகளின் மன அழுத்தத்தை வெகுகாலம் ஆராய்ந்தவர்கள். பழக்கமில்லாத கூண்டில் ஆணைத் தனியே விட்டால் இரத்தத்தில் கார்டிசோல் என்ற அழுத்த ஹார்மோன் எகிறியது. அதனோடு நெருங்கிப் பழகிய துணையைச் சேர்த்து விட்டபோது அந்த ஏற்றம் வெகுவாகக் குறைந்தது. முன்பின் தெரியாத ஒரு பெண்ணை விட்டதில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. கூட்டம் இருந்தால் போதாது, தெரிந்த கூட்டாளி வேண்டும். சுவிட்சர்லாந்தின் விலங்கு நல விதிகள் கினிப்பன்றியைத் தனியாக வளர்க்கத் தடை விதித்திருப்பதும் இந்த இயல்பைக் கருதித்தான். மருந்து வேளையில் துணையும் பக்கத்திலேயே கீரை மென்றுகொண்டிருக்கட்டும். தொற்றுக்காகப் பிரித்து வைக்கச் சொல்லியிருந்தால் அது வேறு விஷயம்.

அடுத்தது வாய். வெளியே தெரியும் முன்பற்களுக்கும் உள்ளே இருக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லே இல்லாத இடைவெளி ஒன்று உண்டு. ஊசி கழற்றிய ஒரு மில்லி சிரிஞ்சின் நுனி, உதட்டின் பக்கவாட்டில் நுழைந்து அந்த இடைவெளியில் நிற்க வேண்டும். நேர் முன்னாலிருந்து நீட்டினால் பற்கள் தடுக்கும். ஆழமாகத் தள்ளினால் நாக்கின் அடிப்பகுதியோடு மென்மையான அண்ணம் ஒட்டியிருக்க, நடுவில் சிறு துளை மட்டுமே வழி. மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர்களுக்கே இந்தத் தொண்டையில் குழாய் செருகுவது பெரும்பாடு. எனவே சில சொட்டு விடுவது, அது மென்று விழுங்குவதைப் பார்ப்பது, பிறகு அடுத்த சில சொட்டு. தலை நேராகவே இருக்கட்டும், அண்ணாந்து பார்க்க வைக்க வேண்டாம்.

இவ்வளவும் சரியாகச் செய்து தவறான மருந்தைக் கொடுத்தால்? 1940 மே 25 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்ட் ஃப்ளோரி எட்டு எலிகளுக்குக் கொல்லும் அளவில் கிருமியைச் செலுத்தி, நான்குக்கு மட்டும் பெனிசிலின் கொடுத்தார். மறுநாள் மருந்து பெறாத நான்கும் இறந்திருந்தன, பெற்றவை உயிரோடிருந்தன. அன்று மேசையில் எலிகளுக்குப் பதில் கினிப்பன்றிகள் இருந்திருந்தால் பெனிசிலினையே விஷம் என்று ஒதுக்கியிருக்கக்கூடும். அது கினிப்பன்றியைக் கொல்கிறது என்பதை 1943-இல் டாரதி ஹாம்ரே குழுவினர் வெளியிட்டார்கள். ஆய்வுக்கூடத்துக்கே பெயர்போன பிராணி அது. காசநோய்க் கிருமியை 1882-இல் அறிவித்த ராபர்ட் கோக் முதல் எத்தனையோ பேருக்கு உழைத்தது. மனிதருக்கு வரம் எனப்பட்ட மருந்து மட்டும் அதற்கு ஆகவில்லை.

காரணம் வயிற்றில் இருக்கிறது. புல்லைச் செரிக்க அது பெருங்குடலின் தொடக்கப் பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களை வளர்த்து வைத்திருக்கிறது. பெனிசிலின் வகை மருந்துகள் அந்த நல்ல கூட்டத்தை அழித்ததும், காலியான இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியா பெருகி நஞ்சைக் கக்குகிறது. சில நாட்களில் கழிச்சல், பிறகு சாவு. கொறித்துண்ணி இனத்துக்கு வாந்தி எடுக்கவும் வராது. உள்ளே போனது போனதுதான். குழந்தைக்கு வாங்கி மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலின் சிரப்பைக் கொஞ்சம் கொடுத்துப் பார்க்கலாமே என்ற நல்லெண்ணம், துரத்திப் பிடிப்பதைவிட மிகவும் ஆபத்தானது. எந்த மருந்து, எவ்வளவு என்பதைக் கினிப்பன்றிகளைப் பார்த்துப் பழகிய மருத்துவர்தான், அதை எடை போட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

வைட்டமின் சி மட்டும் வீட்டிலேயே கவனிக்கக்கூடியது. நம்மைப் போலவே கினிப்பன்றியின் உடம்பும் அதைத் தயாரிக்காது. 1907-இல் நார்வேயின் ஆக்ஸல் ஹோல்ஸ்ட்டும் தியோடர் ஃப்ரோலிக்கும் தானிய உணவை மட்டும் கொடுத்தபோது, மாலுமிகளுக்கு வரும் ஸ்கர்வி நோய் இவற்றுக்கும் வந்ததைக் கண்டார்கள். நோய்க்காலத்தில் தேவை கூடும். தண்ணீரில் கலந்து வைப்பது வீண், அது சீக்கிரம் சிதைந்துவிடும்; ஒரு துண்டு குடமிளகாய் மேல். மருந்து முடிந்ததும் அதையே கையில் நீட்டினால், சிரிஞ்சைப் பார்த்து ஓடுவதும் சில நாட்களில் குறையும்.

அந்தத் துண்டைத் தின்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். இரைப் பிராணி நோயைக் காட்டிக்கொள்ளாது. குளிர்சாதனப்பெட்டி திறக்கும் சத்தத்துக்கு வீல் என்று கூவும் பழக்கம் நின்றுபோனாலோ, புழுக்கைகள் சிறுத்தாலோ, சமையலறைத் தராசில் எடை நாளுக்கு நாள் இறங்கினாலோ, பாதி நாள் எதையும் தின்னாமல் இருந்தாலோ, மருந்து வேலை செய்யட்டும் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் தூக்கிப் போக வேண்டும். குடல் நின்றுவிட்டால் மறுநாள் வரை பொறுக்காது.