ஏற்றத்தில் கொதிக்கும் எஞ்சின்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குச் செல்லும் மலைப்பாதையில் சித்திரை மாதத்து நடுப்பகலில் பிரயாணம் செய்வோர், பானெட்டைத் தூக்கி நிறுத்தி ஆவி கக்கிக்கொண்டு சாலையோரம் நிற்கும் பிக்கப் வண்டி ஒன்றையாவது காணாமல் மேலே போய்ச் சேர்வது அபூர்வம். டிரைவர் கேனில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிறார்; சற்றுப் பொறுத்து வண்டியைக் கிளப்புகிறார்; இரண்டு கொண்டை ஊசி வளைவுகளுக்கு அப்பால் அதே வைபவம் மறுபடியும் நடக்கிறது. 1888-ஆம் வருஷத்தில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மையார், தம் கணவர் செய்த மோட்டார் வண்டியில் மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை சென்றபோது வழிநெடுகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் போனார் என்பது வாஸ்தவம். ஆனால் அந்த வண்டி, நீரைக் கொதிக்கவிட்டு ஆவியாக்கியே தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும்படி அமைந்தது. ரேடியேட்டர் உள்ள இக்காலத்து வண்டிக்கு அந்தச் சமாதானம் செல்லாது. மூடிய சுற்றில் ஓடும் நீர் குறைந்துகொண்டே வருகிறதென்றால், அது எங்கோ வெளியேறுகிறது, அல்லது எஞ்சினுக்குள்ளேயே போகக்கூடாத இடத்துக்குப் போகிறது.

இந்த ஏற்றத்தில் எவ்வளவு உஷ்ணம் பிறக்கிறது என்பதைச் சிறிது கணக்கிட்டுப் பார்க்கலாம். மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் உயரத்தில் வித்தியாசம் ஏறக்குறைய 1,500 மீட்டர். சரக்கோடு சேர்த்து மூன்று டன் எடையுள்ள வண்டியை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டும், சாலையின் உராய்வையும் காற்றின் தடையையும் ஒதுக்கிவிட்டாலும், ஒன்றேகால் லிட்டர் டீசலில் அடங்கிய சக்தி முழுவதும் வேண்டும். எஞ்சினோ தான் எரிப்பதில் சுமார் மூன்றில் ஒரு பங்கையே வேலையாக மாற்ற வல்லதாகையால், நான்கு லிட்டருக்குக் கொஞ்சம் குறைய எரித்தாக வேண்டும். எஞ்சிய வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு பாதி புகையோடு போய்விட, மறு பாதியை ரேடியேட்டர்தான் காற்றில் கலக்க வேண்டும். அந்தப் பாதியைக் கொண்டே 150 லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். வண்டிக்குள் சுற்றிவரும் கூலண்டோ பத்து லிட்டர்கூடத் தேறாது. சுற்றோட்டம் சிறிது தடைப்பட்டாலும் உஷ்ணம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொடுவது இதனால்தான்.

அனுபவமுள்ள மெக்கானிக் ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன் டிரைவரிடம் ஒன்று கேட்பார்: "ஏத்தத்துல மட்டும் முள்ளு ஏறுதுங்களா, டிராபிக்ல நிக்கறப்பவும் ஏறுதுங்களா?" இந்தக் கேள்விக்கு வரும் பதிலிலேயே பாதி நிர்ணயம் முடிந்துவிடுகிறது. நெரிசலில் நின்று நின்று போகும்போது சூடேறி, திறந்த சாலையில் வேகம் பிடித்தவுடன் முள் இறங்குமானால், நீரோட்டம் சரியாக இருக்கிறது, நின்றிருக்கும்போது காற்றை இழுக்கவேண்டிய பேன்தான் தன் கடமையைச் செய்யவில்லை என்று கொள்ளலாம். பெல்ட் தளர்ந்திருக்கிறதா, விஸ்கஸ் கிளட்ச் வழுக்குகிறதா, மின்சார பேனாயின் பியூஸ் போயிருக்கிறதா என்று பார்த்தால் போதும். பாரத்தோடு ஏறும்போது மட்டும் சூடேறினால், ரேடியேட்டரின் மேல் சந்தேகம் கொள்வது நியாயம். கூலண்டுக்குப் பதிலாக வருஷக்கணக்கில் போர்வெல் தண்ணீரையே குடித்து வந்த ரேடியேட்டரில் உப்புப் படிந்து பாதிக் குழாய்கள் அடைந்திருக்கும். வெளியே தகட்டு இடுக்குகளில் சேறும் செத்த பூச்சிகளும் அப்பியிருக்கும். வண்டியைக் கிளப்பிய சில நிமிஷங்களுக்குள்ளேயே முள் உச்சிக்குப் போய், ரேடியேட்டருக்குச் செல்லும் மேல் ஹோஸ் மட்டும் சூடேறாமல் இருந்தால், பெரும்பாலான வண்டிகளில் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

எல்லாரும் கடைசியில் பார்ப்பதும், என் அபிப்பிராயத்தில் முதலில் பார்க்க வேண்டியதும், ரேடியேட்டர் மூடிதான். சில நூறு ரூபாய் பெறுமானமுள்ள இந்த மூடியைப் பாத்திரத்து மூடி போலவே பலர் பாவிக்கிறார்கள். வாட்டர் பம்பையும் ரேடியேட்டரையும் ஆயிரக்கணக்கில் செலவழித்து மாற்றிய பிறகும் இதன் பக்கம் திரும்புவதில்லை. இதற்குள் இருக்கும் ஸ்பிரிங், பிரஷர் குக்கரின் வெயிட்டைப்போல, சுமார் ஒரு வளிமண்டல அளவுக்கு அழுத்தத்தை அடக்கி வைத்திருப்பதால், வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரையில் கொதிக்காமல் நிற்கிறது. ஸ்பிரிங் தளர்ந்தாலோ ரப்பர் வெடித்தாலோ அந்தப் பாதுகாப்புப் போய்விடுகிறது. மலைமேல் காற்றின் அழுத்தமும் குறைவாகையால், குன்னூர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி சுமாரிலேயே கொதித்துவிடும். எஞ்சினின் சுபாவமான உஷ்ணமே 90 டிகிரியை ஒட்டியது. முள் நடுவில் சாதுவாக நிற்க, ரிசர்வ் டாங்க் மட்டும் பொங்கி வழிகிற விசித்திரத்துக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். எஞ்சின் ஆறிய பிறகு மேல் ஹோஸ் உறிஞ்சப்பட்டதுபோல் ஒட்டிக் கிடந்தால், அதே மூடியிலுள்ள இன்னொரு சிறு வால்வு அடைத்துக்கொண்டு, ரிசர்வ் டாங்கின் நீரைத் திரும்ப உள்ளே விடாமல் தடுக்கிறது என்று பொருள். சூடாக இருக்கும்போது மூடியைத் திருகுவது மகா அபாயம். அழுத்தம் விலகிய கணத்தில் உள்ளிருக்கும் நீர் முழுவதும் ஒருசேரக் கொதித்து முகத்தில் பாயும். மேல் ஹோஸைக் கையால் சுகமாகப் பிடிக்க முடிகிற வரையில் காத்திருக்கத்தான் வேண்டும்.

நம் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு என்று அதைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் பல பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. இது தவறான வைத்தியம். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் இறக்கத்தில் அளவுக்கு மீறிக் குளிர்ந்து டீசலைக் கூடுதலாகக் குடிப்பதோடு, சீக்கிரம் தேய்ந்தும் போகிறது. பைபாஸ் வழியை அடைப்பதும் அதே வால்வாக இருக்கிற எஞ்சின்களில், சூடான நீர் ரேடியேட்டருக்குப் போகாமலே ஒரு பகுதி சுற்றி வந்து, ஏற்றத்தில் முன்னைவிட அதிகமாகவே கொதிக்கும்.

இவ்வளவும் சரியாக இருந்து, சொட்டு ஒழுகலும் தென்படாமல் நீர் மட்டும் குறைந்துகொண்டே போனால், பார்வையை ஹெட் கேஸ்கட் பக்கம் திருப்ப வேண்டியதுதான். எஞ்சின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்துவைத்துக் கிளப்பினால் ரேடியேட்டரின் வாயில் ஓயாமல் குமிழிகள் வரும். ஆயில் மூடியின் அடியில் பால் கலந்தாற்போன்ற பசை படிந்திருக்கும். புகைக் குழாயில் இனிப்பு வாடையோடு வெண்புகை தள்ளும். சந்தேகம் தீரவில்லையாயின், ரேடியேட்டரின் ஆவியை ஒரு நீலத் திரவத்தின் வழியே இழுத்துப் பார்க்கும் சோதனை உண்டு; எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறிவிடும்.

வழியில் முள் ஏறத் தொடங்கும்போதே ஏசியை அணைத்து, ஹீட்டர் இருந்தால் அதை முழுவதும் திறந்துவிட்டு, ஓரமாக நிறுத்தி நியூட்ரலில் ஓடவிட்டால் பெரும்பாலும் இறங்கிவிடும். ஆனால் ஏறிக்கொண்டே வந்த முள், ஏற்றம் முடியாமலே சட்டென்று கீழே விழுமானால், "அப்பாடா" என்று மூச்சு விட்டு ஆக்ஸிலேட்டரை மிதிக்கலாகாது. நீர் முழுவதும் போய், உஷ்ணத்தை அளக்கும் சென்ஸார் வெறும் ஆவியில் தொங்குவதால்கூட முள் அப்படி விழும். அந்த இடத்திலேயே எஞ்சினை அணைத்துவிட்டால் ஒரு ஹோஸும் கொஞ்சம் கூலண்டும் வாங்குகிற செலவோடு போகும். இன்னும் இரண்டு வளைவு ஓட்டினாலோ, அலுமினிய ஹெட் வளைந்து, அதைக் கழற்றி லேத் பட்டறைக்கு அனுப்பி மட்டம் சீவ வேண்டிவரும்.