மலாயாவுக்குப் போனவங்க பேரு எங்கே?



பத்தாம் வகுப்பு அக்காங்களோட சமூக அறிவியல் புத்தகத்துல இரண்டாம் உலகப் போர் (1939 - 1945) பாடம் இருக்கு. ஹிட்லர் வர்றாரு, ஹிரோஷிமா வருது. நம்ம வேலூர் வரல. வெத்தலைக் கொடிக்காலும் வாழைத்தோட்டமுமா இருக்கற ஊருக்கும் அந்தப் போருக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறீங்களா? இருக்குங்க.

எங்க தெருவுல தொண்ணூறு வயசு தாண்டின பாட்டி ஒருத்தங்க இருக்காங்க. போர் நடந்தப்ப அவங்களுக்குப் பத்துப் பன்னெண்டு வயசு. "குண்டு ஒண்ணும் இங்க விழுகல கண்ணு. சீமெண்ணெய் கெடைக்கல. அரிசி வெலை ஏறிப்போச்சு. கம்பங்களியும் சோளச்சோறுந்தான். எங்கண்ணன் மலாயா போனவரு, போனவருதான்" என்று சொன்னாங்க.

அரிசி ஏன் விலை ஏறியது? அப்போது நம் நாட்டுக்குப் பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாக அரிசி வந்துகொண்டிருந்தது. 1942-ல் பர்மாவை ஜப்பான் பிடித்ததும் அது நின்றுவிட்டது. அதே வருடம் ஏப்ரல் 6-ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. பயத்தில் சென்னையை விட்டே லட்சக்கணக்கான மக்கள் வெளியூர்களுக்குப் போய்விட்டார்கள்.

சரி, பாட்டியோட அண்ணன் மலாயாவுக்கு ஏன் போனாரு? அப்போ நம்ம ஊரு சேலம் ஜில்லாவுல இருந்துச்சு. நாமக்கல் தனி மாவட்டம் ஆனது 1997-லதான். சேலம், திருச்சி ஜில்லாக்களில் இருந்து ரப்பர் தோட்ட வேலைக்குக் கங்காணிகள் ஆள் கூட்டிப் போவார்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் பினாங்கில் இறங்கலாம். 1938-ல் இந்திய அரசு கூலி ஆட்களை அனுப்புவதை நிறுத்தியது. அதுக்கு முன்னாடியே அவர் போயிட்டாரு. மாசாமாசம் பணம் அனுப்புவாராம்.

1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூரும் ஜப்பானிடம் விழுந்தது. கடிதம் நின்றது. ரப்பர் விற்காததால் தோட்டத்தில் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. பர்மாவில் இருந்த ஜப்பான் படைக்குக் கடல் வழியாகச் சாமான் அனுப்பினால் எதிரி நீர்மூழ்கிக் கப்பல்கள் தாக்கின. அதனால் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குக் காட்டுக்குள்ளே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஜப்பான் முடிவு செய்தது. அந்த வேலைக்கு மலாயாத் தோட்டங்களில் இருந்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதில் பெரும்பாலோர் தமிழர்கள்.

1943 அக்டோபரில் பாதை முடிந்தது. காலரா, மலேரியா, புண், பட்டினி. வேலை செய்த போர்க்கைதிகளில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் சுமார் 90,000 பேர் இறந்திருக்கலாம் என்கிறார்கள். அதனால்தான் அதற்கு 'மரண ரயில்' என்று பெயர் வந்தது.

இப்பத்தான் முக்கியமான விஷயம். இங்கிலாந்தில் சின்னக் கிராமத்தில்கூட போரில் இறந்தவர்கள் பெயரைக் கல்லில் வெட்டி ஊருக்குள் வைத்திருக்கிறார்கள். நம் தமிழ்நாட்டில் சில ஊர்களில் முதல் உலகப் போர் கல்வெட்டு உண்டு. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் இறந்தார்கள் என்று எண்ணிக்கை மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. தாய்லாந்தில் காஞ்சனபுரி என்ற ஊரில் போர்க்கைதிகளுக்குச் சுமார் 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம்ம ஆளுங்களுக்கு அப்படி ஒரு கல்லறைகூடக் கிடையாது. மொத்தமாப் புதைச்சாங்க, எரிச்சாங்க. எண்ணிக்கையே 'சுமார்'தான். 2023-ல்தான் அதே காஞ்சனபுரியில் ஒரு கோயிலில் தமிழர்களுக்காக நடுகல் வைத்தார்கள். ஊரைக் காப்பாற்றப் போரிட்டுச் செத்தவர்களுக்கு நடுகல் நட்டது நம் முன்னோர் வழக்கம். ரயில் பாதை போட்டுச் செத்தவர்களுக்கு அது கிடைக்க எண்பது வருடம் ஆகியிருக்கிறது.

பாட்டியோட அண்ணன் அந்த ரயில் பாதைக்குப் போனாரா, தோட்டத்திலேயே இறந்தாரா, யாருக்கும் தெரியாது. போர் முடிஞ்சு ரெண்டு மூணு வருஷம் தபால்காரரைப் பாத்துக்கிட்டே இருந்தாங்களாம். பாட்டி இருக்கறதால அவரு பேரு நமக்குத் தெரியுது. இல்லைன்னா அதுவும் போயிருக்கும்.

அதனால உங்க அப்பத்தா, அம்மாயி, அப்பாரு, அப்புச்சிகிட்ட இன்னைக்கே கேளுங்க:

1. நம்ம சொந்தத்துல யாராவது மலாயா, பர்மா, சிலோன் போனாங்களா?
2. எந்த வருஷம்? என்ன வேலைக்கு?
3. திரும்பி வந்தாங்களா?

இந்தத் தாளுக்குப் பக்கத்துல ஒரு வெள்ளைச் சார்ட் ஒட்டியிருக்கோம். பேரையும் ஊரையும் அதுல எழுதுங்க. முதல் வரி எழுதியாச்சு. எழுத்துப்பிழை வந்தாலும் பரவாயில்லைங்க, பேரு விட்டுப் போகக்கூடாது.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி