ஆடும் மூட்டும் அழும் பிள்ளையும்



நாளை மறுநாள் பாடசாலையில் விஞ்ஞானக் கண்காட்சி. உங்கள் மகன் இரண்டு வாரமாக உட்கார்ந்து பிளைவூட் துண்டுகளாலும் சிரிஞ்சிகளாலும் ஒரு 'பெக்கோ' இயந்திரம் செய்திருக்கிறான். ஒரு சிரிஞ்சியை அமுக்கினால் குழாய் வழியே தண்ணீர் போய் மற்றதைத் தள்ளுகிறது, கை உயர்கிறது. முதல் நாள் அழகாக மண் அள்ளியது. பெரியம்மா, மாமா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று எல்லோரும் ஆளுக்கொரு முறை இயக்கிப் பார்த்தார்கள். இப்போது கை இடமும் வலமுமாக ஆடுகிறது. அள்ளிய மண் வழியிலேயே கொட்டுகிறது.

"உம்மா, இது சரிவராது" என்று சொல்லி அவன் அதை மூலையில் தள்ளிவிட்டான்.

இந்த நேரத்தில் நாம் என்ன செய்கிறோம்? "படிக்கிற காலத்தில் இதென்ன விளையாட்டு?" என்று ஏசுகிறோம். அல்லது கடையில் ஒன்றை வாங்கிக் கொடுத்து வாயை அடைக்கிறோம். இரண்டும் வேண்டாம். அவன் செய்தது பிழையில்லை. அசையும் எந்தப் பொருளும் தேயத்தான் செய்யும். உண்மையான பெக்கோவிலும் மூட்டுத் துளைகளுக்குள் உலோகக் குழாய் போன்ற 'புஷ்' போட்டிருப்பார்கள். தேய்ந்தால் முழுக் கையையும் வீசாமல் புஷ்ஷை மட்டும் மாற்றுவார்கள்.

சிறிய மாதிரியில் ஆட்டம் ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது? இருபதில் ஒரு பங்கு அளவில் செய்த மாதிரியில் துளை அரை மில்லிமீற்றர் பெருத்தால், அது உண்மை இயந்திரத்தில் ஒரு சென்ரிமீற்றர் பெருத்ததற்குச் சமம். மூட்டின் தடிப்பு ஒரு சென்ரிமீற்றரும் கையின் நீளம் இருபது சென்ரிமீற்றரும் என்றால், அந்த அரை மில்லிமீற்றர் இடைவெளியே கையின் நுனியைப் பக்கத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் வரை சாயவிடும்.

முதலில் நோய் எங்கே என்று பாருங்கள். சிரிஞ்சியை அமுக்கும்போது பஞ்சுபோல மெத்தென்று இருந்தால் குற்றம் மூட்டில் இல்லை. குழாய்க்குள் காற்றுக் குமிழி இருக்கிறது. அதை வெளியேற்றித் தண்ணீரை மீண்டும் நிரப்பச் சொல்லுங்கள். அது சரியென்றால், கையை மெதுவாகப் பிடித்து ஆட்டிப் பார்க்கட்டும். இரு பலகைகளுக்கும் இடையில் வெளி இருக்கிறதா? கம்பி துளைக்குள் துள்ளுகிறதா?

பலகைகளுக்கு இடையில் வெளி இருந்தால், தயிர்க் கோப்பை மூடியில் சிறு வட்டங்கள் வெட்டி, நடுவில் துளையிட்டு, வொஷராகப் போடலாம். போல்ட் பூட்டிய மூட்டென்றால் ஒரு நட் போதாது. அசைய அசைய அது கழன்றுவிடும். முதல் நட்டை அளவாக இறுக்கி, அதன்மேல் இரண்டாவது நட்டை வைத்து, முதலாவதைப் பிடித்துக்கொண்டு இறுக்கினால் இரண்டும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும்.

துளை சிறிதாகப் பெருத்திருந்தால் உங்கள் நகப்பூச்சே மருந்து. கம்பியைக் கழற்றி, அதன்மேல் மெல்லியதாக ஒரு பூச்சு. நன்றாகக் காய்ந்த பின் இன்னொரு பூச்சு. கம்பி சற்றுத் தடித்துவிடும். ஈரத்தோடு பூட்டினால் ஒட்டிக்கொள்ளும், கவனம்!

அதிகமாகப் பெருத்திருந்தால் புஷ்தான் வழி. கம்பி இறுக்கமாக நுழையக்கூடிய காலிப் பேனைக் குழாயைத் தேடி, மூட்டின் தடிப்புக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். துளையை அந்தக் குழாயின் அளவுக்குப் பெருப்பித்து உள்ளே ஒட்டுங்கள். கையின் இரு பக்கமும் சிறு பலகைத் துண்டுகள் ஒட்டி மூட்டைத் தடிப்பாக்கிய பின் இதைச் செய்தால் இன்னும் நல்லது. தடிப்பு இரு மடங்கானால் பக்கவாட்டு ஆட்டம் பாதியாகும்.

அவசரத்தில் சுப்பர் குளூவை மூட்டுக்குள் விட்டுவிடாதீர்கள். அது கையை அசையவே விடாது. பருத்தித் துணியில் நிறையச் சிந்தினால் சூடேறித் தோலைச் சுடவும் கூடும். விரல்கள் ஒட்டிக்கொண்டால் இழுத்துப் பிரிக்காமல் இளஞ்சூடான சவர்க்கார நீரில் ஊறவையுங்கள். ரெஜிபோமில் செய்த மாதிரி என்றால் நகப்பூச்சும் சுப்பர் குளூவும் அதைக் கரைத்துவிடும்.

எவ்வளவு இறுக்குவது? உங்கள் கத்தரிக்கோலை நினைத்துப் பாருங்கள். நடு ஆணி தளர்ந்தால் துணி வெட்டுப்படாது, மடங்கும். மிகவும் இறுகினால் விரல் நோகும். மூட்டும் அப்படித்தான். அளவுக்கு மேல் இறுகிவிட்டால் தையல் மெஷின் எண்ணெயை எடுக்காதீர்கள். அது பலகையில் ஊறும், பிறகு பசை பிடிக்காது. மெழுகுதிரியைக் கம்பியில் தேய்த்தால் போதும்.

கடைசியாக ஒன்று. இவ்வளவையும் நீங்களே செய்து கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் வெளிச்சம் பிடியுங்கள், கம்பியைத் தாங்குங்கள். இறுக்குவது அவன் கையாக இருக்கட்டும். துளை கோணலாகிப் போனால் இன்னொன்று போடட்டும். கண்காட்சியில் ஆசிரியர், "இந்த மூட்டு எப்படி ஆடாமல் நிற்கிறது?" என்று கேட்கும்போது அவன் உங்கள் முகத்தைத் தேடாமல் தானே பதில் சொல்ல வேண்டாமா?