வாஷிங்டனிடமிருந்து தப்பிய வாஷிங்டன்

1776இல் பதின்மூன்று குடியேற்றங்கள் பிரிட்டனிடமிருந்து விடுதலையை அறிவித்த அதே ஆண்டில், ஜார்ஜ் வாஷிங்டனின் வர்ஜீனியப் பண்ணையிலிருந்து ஹாரி என்ற அடிமை தப்பி ஓடினார். அவர் ஓடிச் சேர்ந்த இடம் பிரிட்டிஷ் படை. விடுதலைப் போரின் தளபதியிடமிருந்து விடுதலை தேடிப் பேரரசிடம் சென்ற இம்மனிதரை நம் பாடநூல்கள் குறிப்பிடுவதில்லை.

காரணம் எளிது. விடுதலைக் கதையை வென்ற குடியேறிகளின் வாயிலாகவே நாம் கேட்டிருக்கிறோம். ஏழாண்டுப் போரின் கடனை அடைக்க பிரிட்டன் 1765இல் முத்திரை வரி விதித்தது. நாடாளுமன்றத்தில் பிரதிநிதித்துவம் இல்லாதோர்மீது வரி கூடாது என்றனர் குடியேறிகள். அப்பலாச்சிய மலைகளுக்கு மேற்கே குடியேறலாகாது என்ற 1763ஆம் ஆண்டு ஆணையும் அவர்களுக்குக் கசந்தது. அம்மேற்கு நிலம் பூர்வகுடிகளுடையது.

1775 ஏப்ரலில் லெக்சிங்டனில் போர் வெடித்தது. அவ்வாண்டு நவம்பரில், கிளர்ச்சியாளர்களின் அடிமைகள் அரசர் படையில் சேர்ந்தால் விடுதலை பெறுவர் என வர்ஜீனிய ஆளுநர் டன்மோர் அறிவித்தார். இது கருணையன்று, டன்மோரும் அடிமைகளை உடைமையாகக் கொண்டவரே. ஆயினும் திறந்த கதவு வழியே ஆயிரக்கணக்கானோர் வெளியேறினர்.

குடியேறிகள் தனித்து வென்றுவிடவில்லை. 1777இல் சரடோகாவில் அவர்கள் பெற்ற வெற்றியைக் கண்டே பிரான்சு மறு ஆண்டில் அவர்களுடன் உடன்படிக்கை செய்தது. 1781இல் பிரெஞ்சுக் கடற்படை செசபீக் விரிகுடாவை மறித்ததால் யார்க்டவுனில் காரன்வாலிஸ் சரணடைந்தார். (1793இல் வங்காளத்தில் நிரந்தர நிலவரித் திட்டத்தைக் கொணர்ந்து ஜமீன்தார்களை வலுப்படுத்தியவர் இவரே.)

சமாதான உடன்படிக்கையில், அடிமைகளைக் கொண்டுசெல்லாமல் பிரிட்டிஷார் வெளியேற வேண்டும் என்ற வரி இடம்பெற்றது. 1783 மே மாதம் வாஷிங்டன் அதனை நேரில் வலியுறுத்தினார். பிரிட்டிஷ் தளபதி கார்லட்டன் இணங்கவில்லை. நியூயார்க்கிலிருந்து கப்பலேறிய ஏறத்தாழ 3,000 கருப்பின மக்களின் பெயர்கள் ஒரு பதிவேட்டில் எழுதப்பட்டன. ஹாரியின் பெயரும் அதில் உண்டு.

பிரதிநிதித்துவம் கேட்டுப் போராடியோர் 1787இல் இயற்றிய அரசியலமைப்பு, பிரதிநிதிகளின் எண்ணிக்கையைக் கணக்கிட ஓர் அடிமையை ஐந்தில் மூன்று பங்காக எண்ணியது. வாக்கு மட்டும் தரவில்லை. அடிமைமுறை ஒழிய 1865 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1873இல் ஜோதிராவ் புலே தம் 'குலாம்கிரி' நூலை அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கியபோது போற்றியது, அடிமைமுறையை ஒழிக்க அவர்கள் செய்த தியாகத்தைத்தான், 1776ஐ அன்று.

பேரரசும் ஹாரிக்கு வாக்கை முழுமையாகக் காக்கவில்லை. நோவா ஸ்கோஷியாவில் கருப்பினத்தவர்க்கு வாக்களித்த நிலம் பலருக்குக் கிட்டவில்லை. 1792இல் அவர் சியரா லியோனுக்குக் குடிபெயர்ந்தார். அங்கு நிறுவன ஆட்சி நிலவரி கேட்டது. 1800இல் அதனை எதிர்த்துக் கிளர்ந்தோருள் ஹாரி வாஷிங்டனும் ஒருவர். அவரை நாடு கடத்தினர்.