ஒரு மூலையைப் பார்த்தே இசைத்தட்டைச் சொல்லலாம், தெரியுமா?

இலங்கை வானொலியில் பி. எச். அப்துல் ஹமீத் நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’ கேட்டு வளர்ந்தவர்களுக்கு, ஓர் எழுத்தைப் பிடித்துக்கொண்டு பாட்டைத் தேடுகிற சுகம் தெரியும். அந்தச் சுகத்தைக் கண்ணுக்குத் தருகிற விளையாட்டு ஒன்று உலகெங்கும் இசைப் பிரியர்களிடம் இருக்கிறது! புகழ்பெற்ற இசைத்தட்டு உறை ஒன்றை எடுப்பார்கள். அதில் முத்திரை அளவு துண்டை மட்டும் வெட்டிக் காட்டுவார்கள். “எந்த அல்பம்?” கேள்வி அவ்வளவுதான்!

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, அது இங்கே அச்சொட்டாகப் பொருந்தும். உறையை ஆக்கியவர் மூலை முடுக்கெல்லாம் ஏதாவது வைத்திருப்பார். ஆசையோடு பார்த்த கண்ணுக்கு ஒரு மூலையே தாராளம். ஊர்காவற்றுறையில் இருந்தாலும் சரி, நயினாதீவில் இருந்தாலும் சரி, ரொறன்ரோவில் இருந்தாலும் சரி, வாருங்கள், விளையாடிப் பார்ப்போம்!

துண்டு 1: சரிந்த தலையுடன் ஒரு நாய்

இது எல்லோருக்கும் தெரியும். எச்.எம்.வி.! ஆனால் அந்த நாய்க்கு நிப்பர் என்று பெயர் இருந்தது தெரியுமா? ஓவியர் பிரான்சிஸ் பராட் முதலில் வரைந்தபோது நாய்க்கு முன்னால் இருந்தது கிராமபோனே அல்ல! எடிசன் வகை உருளைப் பொறி. 1899 இல் கிராமபோன் கம்பனி படத்தை வாங்க முன்வந்தது. உருளைப் பொறியை அழித்துத் தங்கள் கருவியை வரைந்து தரவேண்டும் என்பதுதான் நிபந்தனை. பராட் பழைய பொறிக்கு மேலேயே புதியதைத் தீட்டிக்கொடுத்தார். கல்கத்தாவின் டம்டம் தொழிற்சாலையில் அச்சாகி எங்கள் வீடுகளுக்கு வந்த தமிழ் இசைத்தட்டுகளிலும் அதே நிப்பர்தான் காது கொடுத்துக்கொண்டிருந்தது!

துண்டு 2: செருப்பில்லாத ஒரு பாதம்

பாதத்துக்குக் கீழே வெள்ளைக் கோடு. பீற்றில்ஸ், ‘அபி றோட்’! 1969 ஓகஸ்ட் 8, லண்டன். தெரு நடுவே ஏணி போட்டு ஏறி நின்றவர் படப்பிடிப்பாளர் இயன் மக்மிலன். பொலிஸ்காரர் ஒருவர் வாகனங்களை மறித்துக் கொடுத்தார். சுமார் 10 நிமிடம். எடுத்தது 6 படங்கள் மட்டுமே! அதில் ஐந்தாவதுதான் உலகம் அறிந்த உறை. போல் மக்கார்ட்னிதான் வெறுங்காலோடு நடப்பவர். முன்னட்டையில் குழுவின் பெயரும் இல்லை, அல்பத்தின் பெயரும் இல்லை!

இன்னொரு கூர்மையான துண்டும் இதே உறையில் உண்டு: ‘எல்எம்டபிள்யூ 281எஃப்’ என்ற காரிலக்கம். தெருவோரம் நின்ற வெள்ளை ஃபோக்ஸ்வாகன் வண்டியினுடையது. படம் பிரபலமானதும் அந்த இலக்கத்தகட்டை இரசிகர்கள் திரும்பத் திரும்பக் கழற்றிக்கொண்டு போனார்கள்! 2010 இல் அந்தப் பாதசாரிக் கடவையையே பிரித்தானியா பாதுகாக்கப்பட்ட மரபுச் சின்னமாக அறிவித்தது. ஒரு தெருக்கோட்டுக்கு அந்த மரியாதையை வாங்கிக்கொடுத்தது ஓர் அட்டைப்படம்!

துண்டு 3: நான்கு கைகள் கொண்ட சின்னப் பொம்மை

இலட்சுமி! பூசையறைப் படம் என்று நினைத்தால் தவறு. பீற்றில்ஸின் ‘சார்ஜன்ட் பெப்பர்’, 1967. பீற்றர் பிளேக்கும் ஜான் ஹாவர்த்தும் உருவாக்கிய உறை. ஐம்பதுக்கு மேற்பட்ட பிரபலங்கள் கூட்டமாக நிற்கிற அந்தப் படத்தின் அடிப்பக்கம் இலட்சுமி வீற்றிருக்கிறாள். பின்வரிசைகளில் பரமஹம்ச யோகானந்தர், ஸ்ரீ யுக்தேஸ்வரர், லாஹிரி மகாசயர், மகாவதார் பாபாஜி! நால்வரையும் சேர்க்கச் சொன்னவர் ஜோர்ஜ் ஹரிசன். காந்தியும் அங்கே நின்றிருக்க வேண்டியவர். இந்தியாவில் விற்பனைக்குச் சிக்கல் வரும் என்று ஈ.எம்.ஐ. கம்பனி அஞ்சியதால் அவர் படம் எடுக்கப்பட்டுவிட்டது.

துண்டு 4: அடுக்கடுக்கான தெய்வ முகங்கள்

சித்திரக் கடைகளில் வாங்குகிற விசுவரூப விஷ்ணு படம்போல இருக்கிறதா? அதேதான்! ஆனால் நடுவில் இருப்பது ஜிமி ஹென்றிக்ஸ்! 1967 இன் ‘அக்ஸிஸ்: போல்ட் ஆஸ் லவ்’. பெருமளவில் அச்சடிக்கப்பட்ட விசுவரூபப் படம் ஒன்றைத் தழுவி, ஹென்றிக்ஸையும் அவரது இரு வாத்தியக்காரரையும் அதில் நுழைத்துவிட்டார்கள். இதில் ஹென்றிக்ஸுக்கே திருப்தி இல்லை என்பது தெரியுமா? தன் குடும்பத்தில் அமெரிக்கப் பழங்குடி இரத்தம் உண்டு, அந்த மரபை வரைந்திருக்கலாமே என்பது அவர் எண்ணம்.

துண்டு 5: கறுப்பில் நெளியும் வெள்ளைக் கோடுகள்

மலைத்தொடரா? கடலலையா? இரண்டும் இல்லை. செத்துப்போன ஒரு நட்சத்திரத்தின் நாடித் துடிப்பு! ஜோய் டிவிஷன் குழுவின் ‘அன்னோன் பிளஷர்ஸ்’, 1979. 1967 இல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்த ஜோசலின் பெல் கண்டுபிடித்த முதல் துடிவிண்மீன்தான் அது. சுமார் 1.34 விநாடிக்கு ஒருமுறை வானொலி அலையாகத் துடிக்கிறது. அப்படி அடுத்தடுத்து வந்த 80 துடிப்புகளைக் கோடுகளாக அடுக்கி ஹரல்ட் கிராஃப்ட் தன் ஆய்வேட்டில் வரைந்திருந்தார். வானியல் கலைக்களஞ்சியம் ஒன்றில் அதைக் கண்டெடுத்துக் கொடுத்தவர் குழுவின் கிற்றார் கலைஞர் பேர்னாட் சம்னர். வெள்ளையில் கறுப்பாக இருந்ததைக் கறுப்பில் வெள்ளையாக மாற்றியவர் வடிவமைப்பாளர் பீற்றர் சவில்.

இதைவிடப் பெரிய அதிசயம் ஒன்று! 1977 இல் விண்ணுக்குப் போன இரு வொயேஜர் கலங்களிலும் தங்கமுலாம் பூசிய இசைத்தட்டு இருக்கிறது. அதன் உலோக உறையில் செதுக்கியிருப்பதும் துடிவிண்மீன்கள்தான். எங்கள் சூரியன் எங்கே இருக்கிறது என்று 14 துடிவிண்மீன்களை வைத்து வழி சொல்கிற வரைபடம் அது! 2012 இல் வொயேஜர் 1 சூரியனின் காற்று எட்டுகிற எல்லையைத் தாண்டிவிட்டது. மனிதர் செய்த இசைத்தட்டு உறைகளில் வீட்டைவிட்டு மிகத் தொலைவு போனது அதுவே!

துண்டு 6: சிவப்பிலிருந்து ஊதா வரை, ஆனால் ஒரு நிறம் குறைகிறது

வானவில்லுக்கு 7 நிறம். இந்த உறையில் 6! கருநீலம் இல்லை. எண்ணிப் பார்த்தவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்: பிங்க் ஃபுளொய்ட், ‘த டார்க் சைட் ஒவ் த மூன்’, 1973. ஹிப்நோசிஸ் கலையகத்தின் எண்ணத்தை வரைந்தவர் ஜோர்ஜ் ஹாடி. உறையை விரித்தால் அந்த நிறக்கதிர் உள்ளேயும் தொடர்கிறது. அதில் பச்சைக் கோடு மட்டும் இதயத்துடிப்பாக எம்பி எழும்! அந்த அல்பம் தொடங்குவதும் முடிவதும் இதயத்துடிப்பில்தானே!

துண்டு 7: அறுகோணக் கல் ஒன்று

லெட் செப்பெலின் குழுவின் ‘ஹவுசஸ் ஒவ் த ஹோலி’, 1973. வட அயர்லாந்துக் கடலோரத்தில் எரிமலைக் குழம்பு ஆறி வெடித்து உருவான, ஏறத்தாழ 40,000 பாறைத் தூண்கள் நிற்கிற ‘ஜயன்ட்ஸ் கோஸ்வே’ என்ற இடம் அது. இதற்கும் இலங்கைக்கும் தொடர்பு உண்டு, தெரியுமா? அந்த உறைக்குத் தூண்டுதல் ‘சைல்ட்ஹூட்ஸ் எண்ட்’ என்ற அறிவியல் நாவல். எழுதியவர் ஆதர் சி. கிளார்க்! 1956 இல் இலங்கைக்கு வந்து, 2008 இல் கொழும்பில் கண்மூடும் வரை இந்த மண்ணிலேயே வாழ்ந்தவர்.

துண்டு 8: ஒரு யூ டியூப் பட்டை

முகத்தைப் பெரும்பாலும் காணொளிப் பட்டைகள் மூடிய படம். ‘மாயா’, 2010. பாடகி மியா! மாதங்கி அருள்பிரகாசம் 1975 இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, இங்கே பள்ளிக்கூடம் போய், போர் காரணமாக மீண்டும் லண்டனுக்கு அகதியாகப் போனவர். 2005 இல் ‘அருளர்’ தந்தையின் பெயர். 2007 இல் ‘கலா’ தாயின் பெயர். 2010 இல் ‘மாயா’ தன் செல்லப்பெயர். மூன்று அல்பங்களில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பம்! ‘கலா’வின் முதற் பாட்டில் ஒலிப்பது ‘தளபதி’ படத்தின் இளையராஜா இசைத்துணுக்கு!

எல்லாவற்றையும் விட வியப்பு இது: மியா இசையுலகுக்குள் கால்வைத்ததே பாடகியாக அல்ல, உறை ஆக்குபவராக! ஓவியமும் திரைப்படமும் படித்த அவர், இலாஸ்ரிக்கா என்ற பிரித்தானியக் குழுவின் ‘த மெனஸ்’ அல்பத்துக்கு 2000 இல் உறை செய்துகொடுத்தார். பாட்டு அதற்குப் பிறகுதான் வந்தது!

கடைசிச் சுற்று: எங்கள் தீவுகள்!

இதே கண்ணைத் தீவுப்பக்கம் திருப்புங்கள். பதில் உடனே சொல்லவேண்டும்!

சாந்து இல்லாமல் அடுக்கிய முருகைக்கல் துண்டு ஒன்று? நெடுந்தீவு! ஒழுங்கைக்கு ஒழுங்கை வேலியாக நிற்கிற அந்தப் பவளக்கல் மதில் வேறெங்கே இருக்கிறது?

காற்றில் பறக்கும் பிடரிமயிர்? நெடுந்தீவின் கட்டைக் குதிரை! போர்த்துக்கேயர் கொண்டுவந்து, ஒல்லாந்தர் பெருக்கிய குதிரைகளின் வழித்தோன்றல்.

நான்கு பக்கமும் கடல் மோதும் கற்சுவர்? ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் நிற்கிற கடற்கோட்டை!

கல்லில் வெட்டிய பழந்தமிழ் எழுத்து? நயினாதீவு! 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு வெட்டுவித்த தமிழ்க் கல்வெட்டு. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவருக்கு. மற்றச் சரக்கு ஏற்றிய கப்பல் என்றால் பாதிக்குப் பாதி! கடல்வாணிபத்தின் சட்டத்தையே கல்லில் எழுதிவைத்த தீவு!

‘சார்ஜன்ட் பெப்பர்’ உறையில் உள்ள ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் எழுதி வைத்திருக்கிறது உலகம். ஏ. ஈ. மனோகரனின் பொப் பாட்டுகளும் நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’யும் எங்கள் காதில் இன்னும் நிற்கின்றன. ஆனால் அந்தக் காலத்து இசைத்தட்டு உறைகளும் கசெற் அட்டைகளும் எத்தனை வீடுகளில் மிஞ்சியிருக்கின்றன? 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. 1990களின் தொடக்கத்தில் தீவுப்பகுதிச் சனம் பெருமளவில் இடம்பெயர்ந்தபோது வீடுகளில் விட்டுப்போன கடதாசிகளுக்குக் கணக்கே இல்லை. அதனால் மிஞ்சிய ஒவ்வோர் அட்டையும் இன்று பொக்கிஷம்!

உங்கள் வீட்டுப் பெட்டகத்தைத் திறவுங்கள். நயினை நாகபூஷணி அம்மன் பக்திப்பாடல் கசெற்றோ, பழைய திரைப்பட இசைத்தட்டோ, எது கிடைத்தாலும் முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலை எல்லாவற்றையும் தெளிவாகப் படமெடுங்கள். பாடியவர், வரைந்தவர், அச்சகம், ஆண்டு என்று தெரிந்ததையெல்லாம் கூடவே எழுதுங்கள். 2005 இலிருந்து ஈழத்து எழுத்தையும் ஆவணங்களையும் மின்வடிவில் காத்துவருகிற நூலகம் நிறுவனம் போன்ற இடங்களுக்குக் கொடுங்கள். பிள்ளைகளுக்கு அதிலிருந்து ஒரு துண்டை வெட்டிக்காட்டி “இது எந்தப் பாட்டு?” என்று கேளுங்கள். இந்த வார இறுதியிலேயே தொடங்குங்கள்!