பிள்ளை பெத்தவளுக்குக் கை கொடுக்கறதும் சிகிச்சைதான்

இந்த எபிசோட் பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மனச்சோர்வு பத்தி.

குழந்தை பிறந்த முதல் சில நாள் காரணமே இல்லாம அழுகை வர்றது நிறைய பேருக்கு நடக்கும். பெரும்பாலும் ரெண்டு வாரத்துக்குள்ள தானா சரியாகிடும். அதைத் தாண்டியும் சோகம், குழந்தை தூங்கினாலும் தனக்குத் தூக்கம் வராம இருக்கறது, 'நான் நல்ல அம்மா இல்ல'ங்கற எண்ணம் தொடர்ந்தா, அதைக் கவனிச்சே ஆகணும்.

இது நம்ம பக்கம் எவ்வளவு? வேலூர் கணியம்பாடி வட்டாரக் கிராமங்கள்ல செஞ்ச ஒரு ஆய்வு 2002-ல வெளியாச்சு. பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துல 301 பெண்களைப் பார்த்தாங்க. 11 சதவீதம் பேருக்குப் புதுசா மனச்சோர்வு வந்திருந்தது. யாருக்கு ஆபத்து அதிகம்? குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்துப் பெண் பிறந்தது, மாமியாரோட, பெத்தவங்களோட மனஸ்தாபம்... இந்தப் பட்டியல்ல இன்னொண்ணும் இருக்கு: வேலையில கை கொடுக்க ஆள் இல்லாதது.

இப்போ ஒரு காஞ்சிபுரம் நெசவாளர் வீட்டை நினைச்சுப் பாருங்க. வீட்டுக்குள்ளயே தறி. சமையல், துணி, குழந்தை, நடுவுல தறிக்குத் தார் சுத்திக் கொடுக்கணும். ஐடி கம்பெனியில இருந்தா சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோட லீவு. வீட்டுல தார் சுத்தறவங்களுக்கு அப்படி லீவு இல்ல.

ஆக்குபேஷனல் தெரபி இங்கதான் உதவும். பேரைப் பார்த்து ஏதோ உத்தியோக விஷயம்னு நினைக்காதீங்க. ஒருத்தர் நாள் முழுக்க செய்யற எல்லாமே இதுல 'ஆக்குபேஷன்'தான். தெரபிஸ்ட் முதல்ல நேத்தைய நாளை மணிக்கணக்கா கேட்பாங்க. நாம பக்-க்கு லாக் பார்க்கற மாதிரி. அப்புறம் பிரிப்பாங்க: எந்த வேலையை வேற யார் செய்யலாம்? ராத்திரி எந்த நேரம் அம்மா தொடர்ந்து தூங்கலாம்? பால் கொடுக்கும்போது முதுகு வலிக்காம எப்படி உட்காரணும்? கோலம் மாதிரி அவங்களுக்குப் பிடிச்ச ஒண்ணை, தினம் பத்து நிமிஷமாவது எப்படித் திரும்பக் கொண்டுவரலாம்?

இது மருந்துக்கும் கவுன்சிலிங்குக்கும் மாத்து இல்ல, கூடவே நடக்கறது. தன்னையோ குழந்தையையோ காயப்படுத்தணும்னு எண்ணம் வந்தா உடனே டாக்டர்கிட்ட போங்க. டெலி மானஸ் நம்பர் 14416. இலவசம், தமிழ்லயே பேசலாம்.

அடுத்த தடவை குழந்தையைப் பார்க்கப் போறப்போ, "நீ எப்படிம்மா தூங்கற?"ன்னு அம்மாவையும் கேளுங்க. அப்படியே சிங்க்ல கிடக்கற பாத்திரத்தைத் தேய்ச்சுட்டு வாங்க. அடுத்த எபிசோடில சந்திப்போம்.